மதுக்கலயத்திலிருந்து குண்டுக் கிடங்கு வரை

1967ஆம் ஆண்டு யூலை மாதத்தின் ஆரம்ப நாட்கள். கொழும்பில் ஒரு தமிழ் நாளிதழின் ஆசிரிய பீடத்தில் நான் சேர்ந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இரவுக் கடமையில் இருந்தோருள் வயதில் இளையவன் நானே. ஆகவே, தொலையச்சு இயந்திரத்தில் வந்து குவியும் வெளிநாட்டுச் செய்திகளுள் பெரியவர்கள் ஒதுக்கிவிட்டவற்றைத் தமிழாக்கும் வேலை என் பங்குக்கு வந்து சேரும். அன்றிரவு ஏடனிலிருந்து ஒரு செய்தி வந்தது. பிரித்தானியப் படையினர் 'கிறேற்றரை' மீளக் கைப்பற்றிவிட்டனர் என்பதே அதன் சாரம்.

பாடசாலையில் புவியியல் படித்தவன் நான். கிறேற்றர் என்றால் எரிமலை வாய். தயக்கம் எதுவுமின்றி, 'ஏடனில் எரிமலை வாய் பிரித்தானியப் படை வசம்' என்று தலைப்பிட்டுச் செய்தி ஆசிரியரிடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்தி என்னைப் பார்த்தார்.

"தம்பி, எரிமலை வாயைப் பிடிச்சு வெள்ளைக்காரன் என்ன செய்யப் போறான்? அதுக்குள்ளை ஆர் இருக்கினம்?"

"தெரியேல்லை ஐயா. செய்தியிலை அப்பிடித்தான் கிடக்கு."

"அது ஊரின்ரை பேர். லண்டனுக்குக் கப்பலிலை போகேக்கை நான் இறங்கிப் பாத்தனான். சனம் குடியிருக்கிற பட்டினம்."

அந்தத் தவறு அச்சேறவில்லை. ஆயினும் எனது மொழிபெயர்ப்பு முற்றிலும் பிழையானதன்று என்பதைப் பின்னர் அறிந்துகொண்டேன். அந்தப் பட்டினம் உண்மையிலேயே ஓர் எரிமலை வாய்க்குள்தான் இருக்கிறது. அன்று தொடங்கி எனது பத்திரிகை வாழ்வு முழுவதும் இந்த ஒரு சொல் என்னைப் பின்தொடர்ந்து வந்தது. மும்முறை அதனைத் தமிழாக்க முனைந்து மும்முறையும் தவறியிருக்கிறேன். முதலாவது தவறு சிரிப்புக்குரியது. இரண்டாவது அறியாமையால் நேர்ந்தது. மூன்றாவதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அவற்றைச் சொல்வதற்கு முன், அச்சொல்லின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்பது பொருத்தமாகும்.

எரிமலைக்குள் ஒரு பட்டினம்

ஏடன் குடாநாடு அணைந்துபோன ஓர் எரிமலையின் எச்சம். அதன் கரும்பாறை விளிம்புகள் மதில்போல் சூழ்ந்து நிற்க, நடுவேயுள்ள தாழ்நிலத்திலேயே பழைய பட்டினம் அமைந்துள்ளது. மழை அரிதான அவ்விடத்தில், மலைச்சரிவில் வழிந்துவரும் நீரைச் சேமிப்பதற்கென முன்னோர் பாறையைக் குடைந்து அமைத்த தொட்டிகளை இன்றும் காணலாம். 1839ஆம் ஆண்டு சனவரி 19ஆம் திகதி பிரித்தானியர் ஏடனைக் கைப்பற்றினர். அதன் பின்னர் 1937 வரை அது பிரித்தானிய இந்தியாவுடன் இணைத்தே ஆளப்பட்டது. நீராவிக் கப்பல்கள் நிலக்கரி ஏற்றும் துறைமுகமாக அது வளர்ந்தது. கொழும்பிலிருந்து சுயெஸ் கால்வாய் வழியாக இங்கிலாந்து சென்ற எமது மூத்த தலைமுறையினர் பலருக்கு, கப்பலிலிருந்து கண்ட முதலாவது அரபு மண் ஏடனே ஆகும்.

ஆங்கிலேயர் அப்பழைய பட்டினத்தைக் கிறேற்றர் என அழைத்தனர். அரபு மக்களும் அந்த ஆங்கிலச் சொல்லையே தமது நாவுக்கேற்பத் திருத்தி 'கிரைத்தர்' என்று வழங்கத் தொடங்கினர். ஒரு நிலவியற் சொல் இவ்வாறு ஊர்ப்பெயராகியது.

1967 யூன் 20ஆம் திகதி ஏடனின் உள்ளூர்ப் படையினரும் பொலிசாரும் பிரித்தானியருக்கு எதிராகத் திரும்பினர். அன்று ஒரு நாளில் மாத்திரம் இருபதுக்கும் மேற்பட்ட பிரித்தானியப் படையினர் கொல்லப்பட்டனர். கிறேற்றர் கிளர்ச்சியாளர் வசமாகியது. யூலை 3ஆம் திகதி இரவு லெப்டினன்ட் கேணல் கொலின் மிற்செல் தலைமையிலான ஸ்கொட்லாந்துப் படைப்பிரிவொன்று, தனது பாரம்பரியத் துருத்திக்குழலை முழக்கியவாறு உள்ளே புகுந்தது. நான் பிழையாகத் தமிழாக்கிய செய்தி அதுவே. அந்த வெற்றியின் ஆயுள் ஐந்து மாதங்கள்கூட நீடிக்கவில்லை. நவம்பர் இறுதியில் பிரித்தானியர் ஏடனைவிட்டு முற்றாக வெளியேறினர். 2015இல் யேமன் உள்நாட்டுப் போரின்போது அதே கிறேற்றர் வீதிகளில் மீண்டும் சண்டை மூண்டது. மலை அணைந்து யுகங்கள் கடந்தும் ஊர் அணையவில்லை.

விருந்தின் நடுவே ஒரு பாத்திரம்

இச்சொல்லின் பிறப்பிடம் எரிமலையுமன்று, போர்க்களமுமன்று. அது விருந்து மண்டபத்தில் பிறந்த சொல். பண்டைய கிரேக்கர் திராட்சை மதுவைத் தனியே அருந்துவதில்லை. நீர் கலந்தே அருந்தினர். நீர் கலவாத மது நாகரிகமற்றோரின் பானம் என்பது அவர்களது எண்ணம். கலப்பதற்கென அகன்ற வாயுடைய பெரிய பாத்திரமொன்றை விருந்தினரின் நடுவே வைத்தனர். 'கலத்தல்' என்ற பொருளுடைய வினையடியிலிருந்து அதற்குக் 'கிரற்றேர்' என்ற பெயர் வந்தது. ஒரே பாத்திரத்திலிருந்து அனைவருக்கும் பகிர்ந்தளிப்பதே முறை. எவ்வளவு நீர், எவ்வளவு மது என்பதைத் தீர்மானிப்பதற்கு விருந்துக்குத் தலைவர் ஒருவரும் இருப்பார்.

அத்தகைய பாத்திரங்களுள் இன்று எஞ்சியிருப்பவற்றில் மிகப் பெரியது 1953இல் பிரான்சின் வீ என்ற கிராமத்தருகே, ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு சீமாட்டியின் கல்லறையில் கிடைத்தது. வெண்கலத்தாலான அதன் உயரம் 1.64 மீற்றர். நிறை 200 கிலோகிராமுக்கும் அதிகம். சுமார் 1,100 லீற்றர் கொள்ளக்கூடியது. இன்னொன்று வேறொரு காரணத்தால் புகழ்பெற்றது. யூப்ரோனியோஸ் என்ற ஓவியர் தீட்டிய அந்த மட்பாத்திரத்தை 1972இல் நியூயோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் பத்து இலட்சம் டொலர் அளவிலான விலைக்கு வாங்கியது. இத்தாலியிலுள்ள பழைய கல்லறை ஒன்றிலிருந்து அது களவாகத் தோண்டி எடுக்கப்பட்டது என்ற விடயம் பின்னர் நிலைநாட்டப்பட்டு, 2008இல் பாத்திரம் இத்தாலிக்குத் திரும்பியது. போரில் மாண்ட ஓர் இளவரசனின் உடலை உறக்கமும் மரணமும் சகோதரர்களாகத் தூக்கிச் செல்லும் காட்சியே அதில் தீட்டப்பட்டுள்ளது. மது கலக்கும் பாத்திரத்தில் போரின் நிழல் அப்போதே விழுந்திருக்கிறது.

பாத்திரத்தின் பெயர் மலைக்குச் சென்றது சிசிலித் தீவிலாகும். அங்கு குடியேறிய கிரேக்கர், எற்னா எரிமலையின் உச்சியிலுள்ள அகன்ற பள்ளத்தைக் கண்டு அதனையும் கிரற்றேர் என்றனர். கிறிஸ்துவுக்கு முந்திய முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமக் கவிஞர் லுக்ரீசியஸ் தமது இயற்கை பற்றிய நூலில் இதனைக் குறிப்பிட்டிருக்கிறார். அவ்வூரார் கலயம் என்கின்றனர், நாமோ தொண்டை என்றும் வாய் என்றும் சொல்வோம் என்பது அவரது விளக்கம். இதனை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். எரிமலைக்கு 'வாய்' என்ற எமது பாடநூல் வழக்கு, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய உரோமர் வழக்கோடு ஒத்துப்போகிறது.

ஆனால் இவ்விரு உவமைகளும் ஒன்றல்ல. கலயம் என்பது வடிவத்தைக் கூறுகிறது. வாய் என்பதோ தொழிலைக் கூறுகிறது. வாய் என்றால் உள்ளிருந்து ஏதோ வெளிவர வேண்டும். கலயம் என்ற சொல் அந்தப் பள்ளத்தை யார், எவ்வாறு உண்டாக்கினர் என்று எதுவும் சொல்வதில்லை. இந்த வேறுபாட்டைக் கவனிக்கத் தவறியதனாலேயே எனது இரண்டாவது தவறு நேர்ந்தது.

நிலவின் பள்ளங்கள்

1969 யூலை 21ஆம் திகதி அதிகாலை, இலங்கை நேரப்படி, அப்பலோ 11 விண்கலத்தின் இறங்கு கலம் சந்திரனைத் தொட்டது. கற்பாறைகள் இறைந்து கிடந்த ஒரு பெரும் பள்ளத்தை நோக்கிக் கலம் செல்வதைக் கண்ட நீல் ஆம்ஸ்ட்ரோங், கட்டுப்பாட்டைத் தமது கையிலெடுத்து, எரிபொருள் அருகிக்கொண்டிருக்க அதனைத் தாண்டிச் சென்று இறக்கினார். அச்செய்தியை நான் உற்சாகத்துடன் மொழிபெயர்த்தேன். ஏடன் அனுபவத்தால் இம்முறை ஊர்ப்பெயரா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துக்கொண்டேன். ஊரில்லை என்பது உறுதியானதும், 'எரிமலை வாய்' என்றே எழுதினேன். அது அச்சிலும் வந்துவிட்டது.

ஒரு வாரத்தின் பின் வடக்கிலிருந்து ஒரு விஞ்ஞான ஆசிரியரின் அஞ்சலட்டை வந்தது. சந்திரனில் அந்த இடத்தில் எரிமலை இருந்ததாக எந்த விஞ்ஞானி கூறினார், அது விழுந்ததால் உண்டான குழியா வெடித்ததால் உண்டான வாயா என்று தெரியாமல் எவ்வாறு வாய் என்று எழுதினீர்கள் என்று அவர் கேட்டிருந்தார். கடுமையான கேள்விதான். ஆனால் அந்த அஞ்சலட்டையில் முந்நூறு ஆண்டுகால விவாதம் ஒன்று அடங்கியிருந்தது.

1609இல் தொலைநோக்கியைச் சந்திரன் பக்கம் திருப்பிய கலிலியோ, மறு ஆண்டு வெளியிட்ட நூலில் அங்குள்ள வட்டப் பள்ளங்களை விபரித்தார். அவர் அவற்றைக் கிறேற்றர் என்று அழைக்கவில்லை. மயில் தோகையிலுள்ள கண்களுக்கே ஒப்பிட்டார். 1665இல் இங்கிலாந்தின் ரொபேர்ட் ஹூக் இரு பரிசோதனைகளைச் செய்தார். குழைத்த களிமண்ணில் துப்பாக்கி ரவைகளை விழவிட்டார். நிலவில் உள்ளவை போன்ற பள்ளங்கள் தோன்றின. பின்னர் ஒருவகைக் கல்லின் தூளைக் கொதிக்கவைத்தார். குமிழிகள் வெடித்து அதே போன்ற பள்ளங்கள் தோன்றின. இரண்டில் எது உண்மை? வெற்று வானத்தில் இருந்து அவ்வளவு பெரிய ரவைகள் எங்கிருந்து வந்து விழும் என்று எண்ணிய அவர், கொதிப்பையே தெரிவு செய்தார். சரியான விடை அவரது கைக்குள் இருந்தது. அதை அவரே கீழே போட்டுவிட்டார். வானில் உலவும் சிறுகோள்களுள் முதலாவது கண்டறியப்பட்டது 1801 சனவரி முதலாம் திகதியன்றுதான். அதுவும் எற்னா இருக்கும் அதே சிசிலித் தீவில், பலேர்மோ நகரிலிருந்து.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியின் யோஹான் ஷ்ரோற்றர், நிலவின் பள்ளங்களுக்குக் கிறேற்றர் என்ற பெயரை நிலைபெறச் செய்தார் எனக் கருதப்படுகிறது. எரிமலையை எண்ணியே பலரும் அச்சொல்லை வழங்கினர். சொல்லே ஒரு முடிவாகிவிட்டது. அடுத்த நூற்றைம்பது ஆண்டுகளுக்கு வானியலாளர் பெரும்பாலோரின் சிந்தனையை அந்த ஒரு பெயர் வழிநடத்தியது என்றாலும் மிகையாகாது.

பூமியிலும் இதே குழப்பம். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் ஏறத்தாழ 1.2 கிலோமீற்றர் அகலமும் 170 மீற்றர் ஆழமும் உடைய ஒரு பள்ளம் உண்டு. 1891இல் அதனை ஆராய்ந்த புகழ்பெற்ற நிலவியலாளர் ஜீ. கே. கில்பேர்ட், அது நிலத்தடி நீராவி வெடித்ததால் ஆனது என்றார். சந்திரப் பள்ளங்கள் மோதலால் ஆனவை என்று எழுதியவரும் அதே கில்பேர்ட்தான். நிலவைச் சரியாகக் கணித்தவர் காலடி நிலத்தில் தவறினார். டானியல் பரிஞ்சர் என்ற சுரங்கப் பொறியியலாளரோ, இரும்பாலான விண்கல் ஒன்று விழுந்து புதைந்திருக்கிறது என நம்பினார். 1903இலிருந்து கால் நூற்றாண்டுக்கும் மேலாகத் தமது செல்வத்தையெல்லாம் கொட்டித் துளையிட்டார். அவர் தேடிய பேரிரும்பு கிடைக்கவில்லை. 1929இல் காலமானார். அவரது கருத்துச் சரி. ஆனால் மோதிய வேகத்தில் அந்த இரும்பின் பெரும்பகுதி உருகியும் ஆவியாகியும் சிதறிவிட்டது. பெரும் பள்ளத்தை உண்டாக்கிய பொருள் அப்பள்ளத்துக்குள் இருக்க வேண்டுமென்பதில்லை. இந்தச் செய்தியை மனதில் இருத்திக்கொள்ளுமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

விவாதத்துக்கு முடிவு கட்டியவர் யூஜின் ஷூமேக்கர். நெவாடாவில் அணுகுண்டுப் பரிசோதனைகள் உண்டாக்கிய குழிகளை அவர் அங்குலம் அங்குலமாக ஆராய்ந்தார். பின் அரிசோனாப் பள்ளத்தைப் பார்த்தார். மண் மடிந்த விதம், படைகள் தலைகீழாகப் புரண்ட விதம் அனைத்தும் ஒத்திருந்தன. 1960இல் அவரும் சக ஆய்வாளர்களும் அங்கே கோசைற் என்ற கனிமத்தைக் கண்டனர். மிகப் பெரும் அமுக்கத்தில் மாத்திரமே தோன்றும் படிக வடிவம் அது. அதே ஆண்டில் ஜேர்மனியின் நேர்ட்லிங்கன் நகருக்குச் சென்றார். அதுவும் ஏடனைப் போல ஒரு வட்டப் பள்ளத்துக்குள் அமைந்த பழைய நகரம். ஆனால் இந்தப் பள்ளத்தின் அகலம் ஏறத்தாழ 24 கிலோமீற்றர். எரிமலை என்று நம்பப்பட்டுவந்த அதுவும் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்த இடமென நிறுவப்பட்டது. அந்நகர மக்கள் தலைமுறை தலைமுறையாக வழிபட்ட தேவாலயமே அந்த மோதலில் உருகி இறுகிய கல்லால் கட்டப்பட்டதுதான். இந்தியாவில் மகாராட்டிரத்தின் லோனார் ஏரியின் கதையும் இதுவே. எரிமலை வாய் எனக் கருதப்பட்ட 1.8 கிலோமீற்றர் அகலமான அப்பள்ளம், விண்கல் விழுந்த குழி என்று பின்னர் தெளிவாகியது.

எனவே அந்த ஆசிரியர் கேட்டது நியாயமே. ஆங்கிலச் சொல் காரணத்தை மறைத்துக்கொண்டு நழுவிவிடும். தமிழில் வாய் என்றால் வெடித்தது, குழி என்றால் வேறொன்று. ஏதாவதொரு பக்கம் நாம் நின்றாக வேண்டும். அவருக்கு மன்னிப்புக் கோரிப் பதில் எழுதினேன். அன்றிலிருந்து 'சந்திரப் பள்ளம்' என்றே எழுதி வந்தேன். பள்ளம் என்ற சொல் எவர்மீதும் பழி கூறாது என்று எண்ணிக்கொண்டேன்.

மனிதர் தோண்டிய எரிமலைகள்

வெடிமருந்தின் வலு வளர்ந்தபோது மலைகள் செய்ததை மனிதரும் செய்யக் கற்றனர். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1864இல் வேர்ஜினியாவின் பீற்றர்ஸ்பேர்க் நகரை வடபுலப் படை முற்றுகையிட்டிருந்தது. பென்சில்வேனியா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் பலரைக் கொண்ட படைப்பிரிவு ஒன்று, தென்புலத்தாரின் அரணுக்கு அடியில் 511 அடி நீளச் சுரங்கம் அகழ்ந்தது. அதில் 8,000 இறாத்தல் வெடிமருந்து நிரப்பப்பட்டது. யூலை 30 அதிகாலை அது வெடித்தது. 170 அடி நீளமும் 30 அடி ஆழமுமான குழி தோன்றியது.

குழியைச் சுற்றிச் சென்று தாக்குவதென்பதே திட்டம். அதற்கெனப் பயிற்சி பெற்றிருந்தோர் கறுப்பினப் படையினர். ஆனால் அவர்களை முன்னணியில் அனுப்பித் தோல்வி நேர்ந்தால் பழி வருமென மேலிடம் அஞ்சியது. தாக்குதலுக்கு முந்திய நாள் அவர்களை மாற்றி, பயிற்சியற்ற வேறொரு பிரிவை முன்னுக்கு விட்டனர். அப்பிரிவினர் குழியைச் சுற்றிச் செல்லாது குழிக்குள்ளேயே இறங்கினர். செங்குத்தான மண்சுவரில் ஏற முடியாது அகப்பட்டுக்கொண்டனர். மேலிருந்து தென்புலத்தார் சுட்டனர். பின்னர் அனுப்பப்பட்ட கறுப்பினப் படையினரும் அந்தப் பொறிக்குள் சென்றனர். சரணடைந்த பின்னரும் அவர்களுள் பலர் கொல்லப்பட்டனர். வடபுலத்துக்கு ஏறத்தாழ 3,800 பேர் இழப்பு. தாம் வெட்டிய குழியில் தாமே விழுந்தனர். வரலாற்றில் அதற்குக் 'கிறேற்றர் சமர்' என்றே பெயர்.

முதலாம் உலகப் போரில் இதே முறை பன்மடங்காகியது. 1916 யூலை முதலாம் திகதி காலை 7.28 மணிக்குப் பிரான்சின் சொம் போர்முனையில் லா புவாசெல் கிராமத்தருகே, பிரித்தானியர் நிலத்தடியில் வைத்த 60,000 இறாத்தல் வெடிமருந்து வெடித்தது. 21 மீற்றர் ஆழமும் 100 மீற்றர் அளவு அகலமும் கொண்ட பள்ளம் உண்டாகியது. அன்று மாலைக்குள் சொம் முனையில் பிரித்தானியத் தரப்பில் மாண்டோர் 19,240 பேர். போரின் பின் விவசாயிகள் குழிகளை ஒவ்வொன்றாக நிரவி உழுதனர். இதுவும் தூர்ந்துவிடக்கூடாது என்பதற்காக 1978இல் ஆங்கிலேயர் ஒருவர் அந்நிலத்தை விலைக்கு வாங்கினார். இன்றும் ஆண்டுதோறும் அதே நாளில் மக்கள் அதன் விளிம்பைச் சுற்றி நின்று அஞ்சலி செலுத்துகின்றனர்.

வியட்நாமிலோ, வானிலிருந்து விழுந்த குண்டுகளின் குழிகளில் மழைநீர் தேங்க, மக்கள் அவற்றில் மீன் வளர்த்தனர். நினைவுச்சின்னம் எழுப்ப எல்லோருக்கும் வசதி இருப்பதில்லை. வயிறு ஒன்று இருக்கிறது.

கிடங்கு

எமது மண்ணுக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் நிலத்திலுள்ள குழியைக் கிடங்கு என்பர். குப்பைக் கிடங்கு, வாழை நடும் கிடங்கு என்று அன்றாடம் வழங்கும் சொல். பழந்தமிழில் அதே சொல்லுக்குக் கோட்டையைச் சூழ்ந்த அகழி என்பது பொருள். திண்டிவனத்தை அடுத்த கிடங்கில் என்ற ஊர், சங்க காலத்து ஓய்மானாட்டு நல்லியக்கோடனின் கோட்டை நகரம். தமிழகத்திலோ இன்று கிடங்கு என்றால் பண்டகசாலை. போர்க்காலத்தில் ஒருமுறை, 'குண்டு வீழ்ந்ததில் வீதியில் பாரிய கிடங்கு' என்ற எமது தலைப்பைப் பார்த்த சென்னை நண்பர் ஒருவர், வீதி நடுவே களஞ்சியம் எவ்வாறு தோன்றும் எனக் கடிதம் எழுதிக் கேட்டார்.

இன்னொரு சொல்லும் உண்டு. 'குண்டும் குழியுமான வீதி' என்கிறோமல்லவா? அந்தக் குண்டு உருண்டையன்று, பள்ளம். ஆழமான அகழியைக் குண்டகழி என்பது பழைய வழக்கு. விழுகின்ற பொருளுக்கும் அது உண்டாக்கும் பள்ளத்துக்கும் தமிழில் ஒரே ஒலியுடைய சொல் அமைந்துவிட்டது. மொழி எதையோ முன்கூட்டியே அறிந்திருந்தது போலும்.

இனி எனது மூன்றாவது தவறு. 1990களின் நடுப்பகுதி. நான் அப்போது கொழும்பில் வேறொரு பத்திரிகையில் செய்தி மேசையில் இருந்தேன். வடக்கிலிருந்து தகவல் பெறுவது அரிது. பெற்றதை எழுதுவது அதனிலும் அரிது. ஒரு நாள் ஆங்கிலத்தில் வந்த சுருக்கமான செய்தி ஒன்றில் எனது ஊரின் பெயர் இருந்தது. அங்கே ஒரு கிறேற்றர் தோன்றியிருப்பதாக அதில் கூறப்பட்டிருந்தது. யார், எதனால் என்ற விபரம் இல்லை. முப்பது ஆண்டு அனுபவத்தோடு, எவரையும் சிக்கலில் மாட்டாத எனது பாதுகாப்பான சொல்லை எடுத்தேன். 'வெடிப்பில் பள்ளம் ஏற்பட்டது' என்று எழுதினேன். நான்கு வரிச் செய்தி. உள்பக்கத்தில் வந்தது.

இரண்டு மாதங்களின் பின் கப்பலில் வந்த கடிதங்களுடன் எனது மாமியின் கடிதமும் கிடைத்தது. பழைய பத்திரிகை ஒன்று எப்படியோ அவர் கைக்குச் சென்றிருந்தது. குண்டு விழுந்தது அவரது வீட்டுக்கு நான்காம் வளவில். அந்த வீட்டில் மூவர் இருந்தனர். அவர்களது பெயர்களை எழுதிவிட்டு, கீழே இவ்வாறு எழுதியிருந்தார்:

"பள்ளம் ஏற்பட்டதெண்டு உங்கடை பேப்பரிலை கிடக்கு. பள்ளம் தன்பாட்டிலை ஏற்படுமோ தம்பி? மேலாலை வந்து போட்டவை. கிடங்கு இன்னும் கிடக்கு, வந்தால் பார்."

1969இல் அந்த விஞ்ஞான ஆசிரியர் கேட்ட அதே கேள்விதான். அவர் அறியாமையைச் சுட்டினார். மாமி சுட்டியது வேறொன்றை. பள்ளத்தை உண்டாக்கிய பொருள் பள்ளத்துக்குள் இருப்பதில்லை என்று மேலே குறிப்பிட்டேன். அது செய்தியிலாவது இருந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அப்படி எழுதியிருந்தால் அச்சேறியிராது என்று எனக்கு நானே சமாதானம் கூறிக்கொள்வதுண்டு. அது உண்மையும்கூட. ஆனால் அன்று நான் எவரது வற்புறுத்தலுக்காகவும் அச்சொல்லைத் தெரியவில்லை. பழக்கத்தினால் தெரிந்தேன்.

பெயர் பெற்ற பள்ளங்கள்

இன்று விண்ணிலுள்ள பள்ளங்களுக்கு முறையாகப் பெயர் சூட்டுகின்றனர். சந்திரனில் சேர் சி. வி. ராமனின் பெயரில் ஒன்று உண்டு. புதன் கோளில் வால்மீகிக்கும் காளிதாசருக்கும் உண்டு. திருவாரூரில் பிறந்த தியாகராஜருக்கும் உண்டு. ஷூமேக்கர் 1997இல் காலமான பின்னர், அவரது அஸ்தியின் சிறு பகுதியை ஏற்றிச் சென்ற விண்கலம், 1999 யூலை 31ஆம் திகதி சந்திரனின் தென்முனைப் பகுதியிலுள்ள பள்ளமொன்றில் மோதவிடப்பட்டது. அப்பள்ளத்துக்கு இன்று அவரது பெயர். மனிதர் எவரும் இல்லாத இடங்களுக்கு இவ்வளவு மரியாதை.

போர் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஊருக்குச் சென்றேன். மாமி அப்போது இல்லை. மினிபஸ்ஸில் ஏறி எமது ஒழுங்கையின் பெயரைக் கூறினேன். நடத்துநராக நின்ற பொடியனுக்கு விளங்கவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி, "கிடங்கடியிலை இறக்கிவிடு தம்பி" என்றார். அவன் உடனே தலையாட்டினான்.

ஆலடி, புளியடி என்பது போல் ஓர் இடப்பெயர். இறங்கிப் பார்த்தேன். கிடங்கு எதுவும் இல்லை. நிரவி மூடப்பட்டு, அதன் மேல் மதில் எழும்பி, ஒரு சிறு பலசரக்குக் கடையும் வந்திருந்தது. கடையில் நின்ற சிறுவனிடம், இந்த இடத்துக்கு ஏன் கிடங்கடி என்று பெயர் எனக் கேட்டேன்.

"தெரியேல்லை ஐயா. முந்தியே அப்பிடித்தான் சொல்லுறவை."

ஏடனில் கிரைத்தர் என்று சொல்லும் சிறுவனிடம் கேட்டாலும் இதே விடைதான் கிடைக்கும் என்று எண்ணிக்கொண்டேன். சிறுவனிடம் மூன்று பெயர்களைச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான். பின்னர் சோடா ஒன்று வேண்டுமா என்று விசாரித்தான். வாங்கிக் குடித்துவிட்டு வந்தேன். ஏற்பட்ட பள்ளமன்று அது, போட்ட கிடங்கு என்பதை மிகத் தாமதமாகவேனும் இங்கு திருத்தி எழுதிவிடுகிறேன்.